பறக்கும் சூசையப்பரும் மேட்டுச் சாலையும்

பல்வலிக்கு ஒரு புனிதர் இருக்கிறார். தொண்டையில் முள் சிக்கினால் கூப்பிட ஒருவர், சாவி தொலைந்தால் தேடித்தர ஒருவர். சமையல்காரர்களுக்குப் புனித லாரன்ஸ். அவரையே இரும்புக் கம்பிகளின் மேல் கிடத்தி வாட்டிக் கொன்றார்களாம். அவரைப் பிடித்துச் சமையலறைக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றால், விண்ணகத்திலும் குறும்புக்காரர்கள் இருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு மட்டும் யாரும் இல்லை. இருட்டுக் குழியில் இறங்கி, தலைக்கு மேல் இரும்புப் பெட்டி தொங்கிக்கொண்டிருக்க, கழுத்தை ஒடித்துக்கொண்டு எண்ணெய் போடுகிறவன் யாரைக் கூப்பிடுவான்? மேலதிகாரியையா?

எனக்கான ஆளை நானே தேடிப் பிடித்தேன். கூப்பர்தீனோ ஊர்ப் புனித சூசையப்பர். தச்சுவேலை செய்த சூசையப்பர் வேறு, இவர் வேறு. இவர் ஏழைத் துறவி. ஜெபத்தில் மனம் கரைந்தால், நின்ற இடத்திலிருந்து அப்படியே மேலே எழும்பிவிடுவாராம். கயிறு கிடையாது, மோட்டார் கிடையாது, கரண்டு போனாலும் கவலை கிடையாது. மடத்துத் தலைவர் வந்து, "கீழே வா" என்று கட்டளையிட்டால்தான் இறங்குவாராம். எங்கள் தொழிலுக்கு இவரைவிடப் பொருத்தமானவர் யார்? பலிபீடத்துக்கு மேலே எழும்பினார் என்று படித்திருக்கிறேன். நான் சொல்லும்போது அவர் கோபுரத்தைத் தாண்டி, புறாக்களுக்கு வழிவிட்டு, மேகத்தில் தலை இடிக்காமல் குனிந்துகொள்வார்.

"நீங்க சொல்லச் சொல்ல அவரு ஒவ்வொரு தடவையும் ரெண்டு மாடி கூடப் போறாரு" என்பாள் என் மனைவி.

"போகட்டுமே, உனக்கென்ன? நீயா இறக்கிவிடப் போற?"

வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் படத்தைக் கருவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு படம் சமையலறைக்கு இடம் மாறியது. அங்கேதான் என் மனைவி ஒருநாள் கரண்டியும் கையுமாக அவர்முன் நின்று, "இவரு பரீட்சைக்கும் பார்ப்பாருன்னு சொன்னீங்களே, நிஜமாவா?" என்று கேட்டாள். கூத்து அங்கே தொடங்கியது.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பங்குக் கோயில் சமையற்கட்டில் என் மனைவிதான் தலைமை. படுத்த படுக்கையாகவோ படியிறங்க முடியாமலோ வீட்டுக்குள் இருக்கிற முதியவர்களுக்கு மதிய உணவு அங்கே தயாராகும். சூப், ரொட்டி, வேகவைத்த காய். கோயில் வேனில் அதை ஏற்றிக்கொண்டு உபதேசியார் வீடுவீடாகப் போவார்; இவள் பக்கத்தில் உட்கார்ந்து பானையைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள். உபதேசியார் தம் மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் மதியத்தில் அலுவலகம். வேன் நின்ற இடத்தில் நின்றது. நடந்து கொண்டுபோனால், சூப் போய்ச் சேர்வதற்குள் குழாய்த் தண்ணீர் மாதிரி ஆறிவிடுகிறது. மாதக் கடைசிக்குள் ஓட்டுநர் கிடைக்காவிட்டால் வேனை வேறு பங்குக்குக் கொடுத்துவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

"நானே ஓட்டுறேன்" என்றாள் இவள்.

நான் ஓட்டலாமே என்று கேட்பீர்கள். எனக்கு மேலே, கீழே இரண்டும் அத்துப்படி. இடது, வலது என்றாலே தலை சுற்றும். என்னை ஒருமுறை ஓட்ட வைத்துப் பார்த்த மைதானத்தில் இன்றும் புல் முளைக்கவில்லை.

ஆகவே இவள் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தாள். ஒரு தடவை தேர்வுக்கும் போனாள். மேட்டுச் சாலையின் பாதியில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். வண்டி முன்னால் போவதற்குப் பதில், வந்த வழியை மறக்காமல் பின்னால் வந்து, ரொட்டிக்காரர் சைக்கிளுக்கு ஒரு முத்தம் கொடுத்தது. தோல்வி. மாதம் முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. அதனால்தான் அந்தக் கேள்வி.

"பரீட்சைக்கா? அவர்தான் தலைமை ஆபீஸ்!" என்றேன். உற்சாகம் எனக்குக் காதுவரை ஏறிவிட்டது. "அவருக்குப் படிப்பு சுத்தமா ஏறாது. ஒரே ஒரு பகுதியை மட்டும் கரைச்சுக் குடிச்சிருந்தாரு. ஆயர் தேர்வு வைக்க வந்து புத்தகத்தைத் திறந்தாரு பாரு, அதே பகுதி! மத்ததுல ஒரு வரி கேட்டிருந்தாலும் ஆள் காலி."

இவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு படிச்சா போதுமா?"

"அவருக்குப் போதுமா இருந்துச்சு."

"அப்ப எனக்கும் போதும்."

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் என் மச்சான், இவளுடைய அண்ணன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். விசிலை மட்டும் வேலையோடு திருப்பிக் கொடுக்காமல் சட்டைப் பையில் வைத்திருப்பவர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்னம்மா சொல்ற? டெஸ்ட் ஆபீஸ்ல மூணு ரூட் இருக்கு. கடைத்தெரு ரூட், பாலம் ரூட், மேட்டு ரூட். எதைச் சொல்வாங்கன்னு அன்னிக்குக் காலைலதான் தெரியும். நீ ஒண்ணை மட்டும் படிப்பியா?"

"ஆமாண்ணா. மேட்டு ரூட்."

"அதுலதானே போன தடவை சைக்கிளை இடிச்ச! கடைத்தெருன்னா சமதளம், கண்ணை மூடிட்டுப் போகலாம்!"

"கண்ணை மூடிட்டுப் போனா பெயில் பண்ணிடுவாங்கண்ணா."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, நீங்க சொல்லக் கூடாதா? வண்டி ஓட்டுறவங்களுக்குன்னே கிறிஸ்தோபர் இருக்காரு. என் பஸ்ல கடைசி நாள் வரைக்கும் அவர் படம்தான். அவர்கிட்ட மனு போடுங்க. பறக்குறவருக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டு பேர்கிட்டயும் கேட்டா?" என்றேன், சமாதானமாக.

"வேண்டவே வேண்டாம்" என்றாள் இவள். "ஒரே பைலை ரெண்டு மேஜையில வெச்சா, இவரு பார்ப்பாருன்னு அவரும், அவரு பார்ப்பாருன்னு இவரும் சும்மா இருந்துடுவாங்க. பைல் ஒரே மேஜைக்குத்தான் போகணும்."

மச்சான் கிறிஸ்தோபர் சார்பில் கோபித்துக்கொண்டு காபி குடிக்காமல் போனார். பாதி வழியில் திரும்பி வந்து குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனபின், "ஏன் அந்த மேட்டை எடுத்த?" என்று கேட்டேன்.

"மேட்டு உச்சியில போஸ்ட்மேன் இருக்காரே" என்றாள். "ஊருக்கெல்லாம் கடிதம் சுமந்து சுமந்து முட்டி தேஞ்சு, இப்ப வாசல்படி தாண்ட முடியல. மத்தவங்களுக்கு யாராவது நடந்தாவது கொண்டுபோய்க் குடுக்குறாங்க. அந்த உச்சிக்கு யாரும் ஏற மாட்டேங்கறாங்க. லைசென்ஸ் வாங்கிட்டு மேட்டுல ஏறத் தெரியலன்னா எனக்கு எதுக்கு அது?"

 

பயிற்சி நடந்தது. ஓட்டுநர் பள்ளி நடத்துகிற அம்மாளுக்கு எங்கள் பேட்டையில் 'ஹாரன்' என்று பெயர். அவர் வாயைத் திறந்தால் எதிர்ச் சந்தில் வண்டிகள் ஒதுங்கும். இவள் ஓட்ட, ஹாரன் அம்மாள் பக்கத்தில் உட்கார, நான் பின் இருக்கையில் போஸ்ட்மேனுக்கான, மதியமே ஆறிப்போன சூப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, மேட்டுச் சாலையில் தினமும் சாயங்காலம் ஏறினோம்.

"கிளட்ச்சை மெதுவா விடுங்க! வண்டி மூக்கைத் தூக்கும்! அதுக்கப்புறம் ஹேண்ட்பிரேக்! அதுக்கப்புறம்! அம்மா, அதுக்கப்புறம்னு சொன்னேன்!"

முதல் வாரம் சூப்பில் பாதி என் கால்சட்டைக்கும் பாதி போஸ்ட்மேனுக்கும் போனது. நான் நடந்து வந்தால் தெருநாய்கள் எல்லாம் மரியாதையாகப் பின்னால் வந்தன. போகப் போக மூக்கைத் தூக்குகிற இடம் இவளுக்குக் காலிலேயே தெரிந்துவிட்டது. பாதி மேட்டில் நிறுத்துவாள், எடுப்பாள். ஒரு சொட்டு சிந்தாது. உச்சியில் ஹாரன் அம்மாள் வண்டியை வாங்கிக்கொண்டு அங்கே காத்திருக்கும் அடுத்த மாணவரை ஏற்றிக்கொள்வார். நாங்கள் போஸ்ட்மேனுக்கு உணவைக் கொடுத்துவிட்டு, குறுக்குப் படிக்கட்டு வழியாக நடந்து இறங்கி வருவோம்.

இந்தப் படிக்கட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

இவள் பங்கு பயிற்சி என்றால், என் பங்கு பிரசாரம். தேர்வு நாளில் முடிகிற மாதிரி ஒன்பது நாள் ஜெபமாக நவநாள் வைக்கலாமா என்று பங்குத் தந்தையிடம் கேட்டேன். அவர் இளைஞர், நிதானமானவர்.

"வைக்கலாம் ஐயா. ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. புனிதர் நமக்காகப் பரிந்து பேசுவாரு. கொடுக்குறவர் கடவுள். பிரேக்கை மிதிக்க வேண்டியது அம்மா."

"அப்படியே சொல்றேன் ஃபாதர்" என்று சொல்லிவிட்டு, வெளியே போய் வேறு மாதிரி சொன்னேன்.

முடிதிருத்தும் கடையில் ஆரம்பித்தேன். சூசையப்பரைக் கோபுரத்துக்கு மேல் ஏற்றினேன். ஆயரின் கையிலிருந்த புத்தகம் தானாகப் புரண்டு சரியான பக்கத்தில் நின்றது என்றேன். மருந்துக்கடையில், அந்தப் பக்கம் மட்டும் பளபளவென்று மின்னியது என்றேன். தபால் அலுவலக வரிசையில், அது மின்னிய மின்னலில் ஆயருக்குக் கண் கூசியது என்று முடித்தேன். அது பள்ளி, கல்லூரி எல்லாவற்றிலும் தேர்வுக் காலம் வேறு. செய்தி தீயாய்ப் பரவியது. நவநாளின் முதல் நாள் வந்தவர்கள் நானும் மச்சானும். ஆமாம், மச்சானும் வந்தார். கிறிஸ்தோபருக்குத் தெரியக்கூடாது என்று கடைசி பெஞ்சில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் பெஞ்சு நிறைந்தது. எட்டாம் நாள் ஜன்னலில் தொங்கினார்கள். ரத்தப் பரிசோதனைக்கு முடிவு வர வேண்டிய ஒருவர்கூட வந்திருந்தார். "அதுவும் டெஸ்ட்தானே?" என்றார். நான் ஆமோதித்து முன்வரிசையில் இடம் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை. தேர்வு நேரத்துக்கே கடைசி ஜெபத்தை வைத்திருந்தோம். இவள் வெளுத்த புடவை கட்டி, படத்தின்முன் ஒரு நிமிடம் நின்றாள்.

"மேட்டு ரூட் மட்டும் குடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றாள் அவரிடம். என்னிடம், "கத்திக் கித்தி மானத்தை வாங்காதீங்க" என்றாள்.

நான் கோயிலுக்கு ஓடினேன். தெருவைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டேன்! கோயில் இருப்பது கடைத்தெருவில். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கார், ஸ்கூட்டர், சைக்கிள், இரண்டு பள்ளி வேன், காய்கறி வண்டி ஒன்று, சக்கர நாற்காலி ஒன்று. நிறுத்துகிற இடம், நிறுத்தாத இடம் என்ற பாகுபாடே இல்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு எல்லாரும் உள்ளே போய் மண்டியிட்டுவிட்டார்கள். நான் சொல்வதில் வழக்கமாகப் பாதியைத் தள்ளிவிடுங்கள். இன்றைக்கு மட்டும் முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எறும்பு அந்தத் தெருவைக் கடக்க வேண்டுமென்றால் வண்டிகளின் கூரைமேல் ஏறித்தான் போயிருக்க முடியும்.

பங்குத் தந்தை பூசை உடையோடு வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "ஐயா, என்ன சொல்லி இவ்வளவு பேரைக் கூட்டினீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் ஃபாதர்."

"நான் சொன்னதுக்கு இவ்வளவு பேர் வர மாட்டாங்களே!"

மச்சானுக்குப் பழைய ரத்தம் சூடேறிவிட்டது. விசிலை எடுத்து, நடுத்தெருவில் நின்று, அசையாத வண்டிகளைப் பார்த்து, "வா வா, ரைட்டு, வா!" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. வருவதற்கு ஆளே இல்லை.

அப்போதுதான் தெருமுனையில் அந்தச் சின்ன வெள்ளைக் கார் திரும்பியது. மேலே 'தேர்வு' என்று பலகை. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் மனைவி. முகத்தில் ரத்தம் இல்லை. பக்கத்தில் இன்ஸ்பெக்டர், அட்டையும் சிவப்புப் பேனாவுமாக.

கடைத்தெரு ரூட்! இவள் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காத ரூட்! ஒரே ஒரு பகுதியைப் படித்துக்கொண்டு போனவளுக்கு வேறு பக்கத்தைத் திறந்துவிட்டார்களே! "சூசையப்பா, பைலைத் தவறவிட்டுட்டீரே!" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கார் வந்து முட்டாமல் நின்றது. இன்ஸ்பெக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"என்னய்யா இது? என்ன கூட்டம்?"

"ஜெபம் சார்!" என்றார் மச்சான்.

"எதுக்கு?"

"பரீட்சையில பாஸாக சார்!"

இன்ஸ்பெக்டர் முன்னால் பார்த்தார், வண்டிகள். பின்னால் பார்த்தார், அதற்குள் அங்கேயும் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. தேர்வு வண்டியில் என் மனைவி இருப்பதை மச்சான் அப்போதுதான் கவனித்தார் போல. விசிலை வாயில் வைத்து அவர் ஊதிய ஊதலில் புறாக்கள் நிஜமாகவே பறந்தன. "போகாது! போகாது! லெப்ட்ல ஒடி, லெப்ட்ல ஒடி!"

இடது பக்கம் ஒரே ஒரு சந்துதான் உண்டு. அது எங்கே போகிறது என்று எங்கள் பேட்டையில் எல்லாருக்கும் தெரியும்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "சரிம்மா, திருப்புங்க. மேட்டு வழியாப் போயிடலாம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் அவள் முகம் இருந்த இருப்பை நான் மிகைப்படுத்திச் சொல்லவே முடியாது. மேலே போக இடமில்லை. கார் திரும்பி மறைந்தது.

"அற்புதம்!" என்று நான் கத்தினேன். கத்த மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

"அற்புதமா, பார்க்கிங்கா?" என்றார் பங்குத் தந்தை.

"கையில கிடைச்ச சாமானை வெச்சுத்தானே ஃபாதர் அவரும் வேலை செய்யணும்!"

பதிலுக்கு நிற்காமல் குறுக்குப் படிக்கட்டைப் பார்த்து ஓடினேன். மச்சானும் ஓடி வந்தார். வாழ்நாள் முழுக்க லிஃப்ட்டிலேயே மேலே போனவன் நான். வாழ்நாள் முழுக்கப் பஸ்ஸிலேயே நின்றவர் அவர். பாதிப் படியில் நான் அவரை இழுத்தேனா, அவர் என்னைத் தள்ளினாரா என்று இன்றுவரை தகராறு. அங்கிருந்து சாலை தெரியும். பார்த்தோம். கடைத்தெருவில் போக முடியாத வண்டி அத்தனையும் மேட்டுச் சாலைக்குத் திரும்பியிருந்தது! வரிசை நகர்ந்து, நின்று, நகர்ந்து, நின்று ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் அந்த வெள்ளைக் கார்.

"ஒரு தடவை நிறுத்தி எடுக்கச் சொன்னாலே நடுங்குவாளே மாப்பிள்ளை! இப்ப அடிக்கொரு தடவை நிறுத்தணுமே!"

முன்னால் நின்ற பால் வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது. அதற்கு முன்னால் நின்ற பெரிய கார் அணைந்துபோய் இருமியது. பின்னால் நின்றவர்கள் ஹாரனை அழுத்திக் கூப்பாடு போட்டார்கள். எங்கள் கார் நின்றது. மூக்கைத் தூக்கியது. ஏறியது. நின்றது. மூக்கைத் தூக்கியது. ஏறியது. ஒரு விரற்கடை பின்வாங்கவில்லை. மச்சான் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "யாரு தங்கச்சி அவ! யாரு தங்கச்சி!" அவர் கண்ணில் தண்ணீர்.

உச்சிக்கு நாங்கள் தவழ்ந்து போய்ச் சேர்ந்தபோது, கார் போஸ்ட்மேன் வீட்டு எதிரே ஓரமாக நின்றிருந்தது. என்ஜின் அணைந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் பேச்சு கேட்டது.

"பிரமாதமா ஏறினீங்கம்மா. நான் இந்த வேலைக்கு வந்ததிலேருந்து இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்ல. போங்க, இறங்கலாம்."

இவள் அசையவில்லை.

"என்னம்மா?"

"சார், எனக்கு ஏறத்தான் தெரியும்."

"என்னது?"

"இறங்குறதைப் படிக்கல சார். நான் எப்பவும் படிக்கட்டு வழியாத்தான் இறங்குவேன்."

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது நாள் ஜெபம் செய்தோம், ஒரு பேட்டையே முழங்கால் தேய மண்டியிட்டது, மேலே போவதற்கு மட்டும் கேட்டிருக்கிறோம்! கீழே வருவதற்கு ஒருவரும் கேட்கவில்லை!

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். சிவப்பு மை. பிறகு என்ன நினைத்தாரோ, மூடினார்.

"பாருங்கம்மா. டெஸ்ட் நேரத்துல நான் சொல்லித்தரக் கூடாது. உத்தரவு மட்டும்தான் போடலாம். என் உத்தரவு இதுதான்." குரலைச் சற்று உயர்த்தினார். "கீழே இறங்குங்க."

இவள் தலை சட்டென்று நிமிர்ந்தது. பக்கவாட்டில் எனக்கு அவள் முகம் தெரிந்தது. உதடு லேசாக அசைந்தது. என்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பாள் அந்தக் கதையை, எத்தனை தடவை மாடி கூட்டுகிறேன் என்று கேலி செய்திருப்பாள்! மேலே போனவர் தலைவரின் கட்டளைக்குத்தான் இறங்குவார்.

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். என்ஜினை எழுப்பினாள். இரண்டாவது கியரில்லை, மூன்றாவதில்லை. முதல் கியரைப் போட்டு, பிரேக்கில் பாதத்தைப் பூ மாதிரி வைத்து, காரை இறக்கினாள். அவ்வளவு மெதுவாக எதுவும் இறங்கி நான் பார்த்ததில்லை. நான் பழுது பார்த்த பழைய லிஃப்ட்டுகளே வேகமாகப் போகும். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதே நடையில் வர, தேர்ப் பவனி மாதிரி இருந்தது. பாட்டு மட்டும்தான் குறை.

நாங்கள் போஸ்ட்மேன் வீட்டுக்குள் பாய்ந்தோம். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"வளைவுல என்ன செய்யப் போறாங்கன்னு பாருங்க" என்றார், தடியால் தரையைத் தட்டி.

வளைவில் இன்னும் மெதுவானாள். திரும்பினாள். கார் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. நாங்கள் மூவரும் மூச்சு விடவில்லை. மரங்களுக்கு அந்தப் பக்கம் வெளியே வந்தது! மேட்டடியில் டெஸ்ட் ஆபீஸ் முற்றம் பொம்மை மாதிரி தெரிந்தது. கார் உள்ளே போய் நின்றது. இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம் இறங்கினார், இவள் மறுபக்கம் இறங்கினாள். அவர் எதையோ எழுதினார். கிழித்தார். நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள்.

பிறகு மேட்டைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"பாஸு!" என்றார் போஸ்ட்மேன். தடியை வீசிவிட்டார். அதைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் மச்சான் விசிலை ஊதி ஊதியே எங்கள் காதை அடைத்துவிட்டார்.

அங்கே முற்றத்தில் நடந்ததை இவள் அப்புறம் சொன்னாள். "இறங்கத் தெரியாதுன்னீங்க, எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார்.

"உபதேசியார் ஓட்டுறப்ப பக்கத்துல உட்கார்ந்து பானையைப் பிடிச்சிருக்கேன் சார். இறக்கத்துல அவர் முதல் கியரை மாத்தவே மாட்டாரு. அந்தப் பானை என் மடியில இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்."

"அதான் பார்த்தேன். பின்னாடி சூப் வெச்சிருக்கிற மாதிரியே ஓட்டினீங்க."

"நிஜமா இருந்திருந்தா இன்னும் மெதுவா வந்திருப்பேன் சார்."

"வேண்டாம்மா. எனக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போகணும்."

மறுநாள் மதியம் வேன் கிளம்பியது. கண்ணாடிக்கு மேலே சூசையப்பர். அவருக்குப் பக்கத்தில், மச்சான் சத்தமில்லாமல் கொண்டுவந்து ஒட்டிய கிறிஸ்தோபர். "பைல் முடிஞ்சுபோச்சே, இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கட்டும்" என்று இவள் அனுமதித்தாள். பானையைப் பிடிக்கிற உத்தியோகம் எனக்கு. வீடுவீடாகக் கொடுத்துக்கொண்டே போய், கடைசியாக மேட்டில் ஏறினோம். போஸ்ட்மேன் மூடியைத் திறந்தார். எழும்பிய ஆவியில் அவர் கண்ணாடி மங்கியது. துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சூடா இருக்கு" என்றார், நம்பாதவர் மாதிரி. அப்புறம் குனிந்து குடிக்க ஆரம்பித்தார். நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டார்.

வேனில் ஏறி உட்கார்ந்தோம். இவள் என்ஜினை எழுப்பினாள், முதல் கியரைப் போட்டாள், போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"உத்தரவு போடுங்க."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, மடத்துத் தலைவர் மாதிரி சொன்னேன்: "கீழே இறங்கு."

உடனே இறங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. இப்போதும் தினமும் மதியம் மேட்டு உச்சியில் வேனை நிறுத்தி, என்னைப் பார்த்துக் காத்திருக்கிறாள். நானும் தினமும் கொஞ்சம் தாமதமாகத்தான் சொல்கிறேன்.